டிசைன் டூலுக்கு ஏஐ ஏஜென்ட் படிக்கிற மாதிரி கையேடு எழுதுவது எப்படி?

புதுச்சேரி நெல்லித்தோப்பில் நண்பர் ஒருவர் பிரிண்டிங் கடை வைத்திருக்கிறார். இங்க்ஸ்கேப் என்ற இலவச வரைகலை மென்பொருளில் வரைந்து வைத்த கல்யாணப் பத்திரிகை, பேனர் டெம்ப்ளேட்டுகளைத் திறந்து, பெயர், தேதி, மண்டபம் எல்லாம் மாற்றி, பிடிஎஃப் ஆக்கித் தரும் சின்ன பைத்தான் டூல் ஒன்று அவருக்கு எழுதிக் கொடுத்தேன். டூல் ஒரு ராத்திரி வேலை. அதை ஏஐ ஏஜென்ட் (நாம் சொன்ன வேலையைத் தானே டூல்களை இயக்கிச் செய்யும் ஏஐ) சொதப்பாமல் பயன்படுத்தும்படி விளக்கம் எழுதத்தான் இரண்டு வாரம் ஆனது.

படி 1: படிக்கப்போவது யார்?

ஏஜென்ட்டுக்கு உங்கள் திரை தெரியாது. 2024 நவம்பரில் ஆந்த்ரோபிக் என்ற ஏஐ நிறுவனம் வெளியிட்ட எம்சிபி (ஏஐயோடு வெளி டூல்களை இணைக்கும் பொது வழி) முறையில் டூலை இணைத்தால், அதன் கண்ணில் படுவது டூலின் பெயர், அது என்ன செய்யும் என்ற விளக்கம், என்னென்ன உள்ளீடு தரவேண்டும் என்ற பட்டியல், அவ்வளவுதான். கடையில் புதிதாகச் சேர்ந்த பையன்கூட "அண்ணே, இது அடியா இஞ்சா?" என்று ஒரு வார்த்தை கேட்பான். ஏஜென்ட் பல நேரம் கேட்காது, தானே ஒன்றை நினைத்துக்கொண்டு செய்துவிட்டு "முடிந்தது" என்று சொல்லிவிடும்.

படி 2: அளவுக்கு அலகு போடுங்கள்

முதலில் நான் "அகலம்: எண், உயரம்: எண்" என்று மட்டும் எழுதியிருந்தேன். வாடிக்கையாளர் வாட்ஸ்அப்பில் "10க்கு 6 பேனர்" என்றார். ஏஜென்ட் 10, 6 என்று அப்படியே கொடுத்தது, டூல் அதை மில்லிமீட்டர் என்று எடுத்துக்கொண்டது, சுண்டுவிரல் நகம் அளவுக்கு ஒரு பேனர் வந்தது. நண்பர் அதை ஜூம் செய்து ஜூம் செய்து பார்த்த காட்சி இன்னும் மறக்கவில்லை.

இப்போது அந்த இடத்தில் இருப்பது இது: "அகலம்_மிமீ. மில்லிமீட்டரில் தரவும். வாடிக்கையாளர் பேனர் அளவை அடியில் சொல்வார். 1 அடி = 304.8 மிமீ. '10க்கு 6' என்றால் அகலம் 3048, உயரம் 1828.8. பேனருக்கு 300க்குக் குறைவாக வந்தால் நிறுத்திவிட்டு ஆளிடம் கேட்கவும்." நீளம்தான், ஆனால் அந்த உதாரண வரி ஒன்றே பத்து வரி விளக்கத்துக்குச் சமம். அப்புறம், டிபிஐ (ஓர் அங்குலத்துக்கு எத்தனை புள்ளி) சொல்லாமல் பிஎன்ஜி படம் எடுத்தால் இங்க்ஸ்கேப் 96 டிபிஐயில்தான் தரும். பத்திரிகைக்கு 300 என்று அதையும் எழுதிவிடுங்கள்.

படி 3: பாமினி பஞ்சாயத்து

நம் ஊர்க் கடைகளில் பழைய டெம்ப்ளேட் பலவும் பாமினி எழுத்துருவில் இருக்கும். ஆங்கில எழுத்துகளின் இடத்தில் தமிழ் வடிவங்களை வைத்த பழைய எழுத்துரு அது. நமக்குத் திரையில் "தமிழ்" என்று தெரிகிற சொல் கோப்புக்குள் நான்கு ஆங்கில எழுத்தும் ஒரு அரைப்புள்ளியுமாகக் கிடக்கும். அங்கே போய் "மணமகன்" என்று தேடினால் ஏஜென்ட்டுக்கு எப்படிக் கிடைக்கும்? கிடைக்காத கடுப்பில், என் டூலில் அது புதிதாக ஒரு பெட்டியே போட்டு, பழைய பெயருக்கு மேலேயே புதுப் பெயரை எழுதியது. பாரிசில் உறவுக்காரர்கள் இருக்கிற வீடு என்றால் பிரெஞ்சிலும் நாலு வரி கேட்பார்கள், பாமினியை வைத்துக்கொண்டு அதற்கு எங்கே போவது!

அதனால் இரண்டு காரியம். டெம்ப்ளேட்டை யூனிகோடுக்கு (எல்லா மொழிக்கும் பொதுவான எழுத்துக் குறியீடு) மாற்றுங்கள். பிறகு ஒவ்வொரு பெட்டிக்கும் இங்க்ஸ்கேப்பின் ஆப்ஜெக்ட் ப்ராபர்ட்டீஸில் தனி ஐடி கொடுத்து, "எழுத்தைத் தேடாதே, ஐடியை மட்டும் பயன்படுத்து" என்று ஐடி பட்டியலோடு கையேட்டில் போடுங்கள்.

படி 4: பிழைச் செய்தியும் கையேடுதான்

"பிழை 3" என்று வந்தால் ஏஜென்ட் அதே கட்டளையைத் திரும்பத் திரும்ப அடிக்கும். நான் இப்படி மாற்றினேன்: "பெயர் பெட்டிக்குள் அடங்கவில்லை. எழுத்தளவைக் குறைக்கவும். 14 புள்ளிக்குக் கீழே போக வேண்டாம். அப்போதும் அடங்காவிட்டால் கேட்கவும். பெயரைச் சுருக்கக் கூடாது." கடைசி வாக்கியம் ஏன் என்று பத்திரிகை அடித்தவர்களுக்குத் தெரியும். தாய்மாமன் பெயரில் ஒரு இனிஷியல் போனாலே மண்டபத்தில் சண்டை.

படி 5: பதிப்பு எண்

இதைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். 2020 மே மாதம் வந்த இங்க்ஸ்கேப் 1.0இல் கட்டளை வரி (மென்பொருளை எழுத்துக் கட்டளையால் இயக்கும் முறை) விருப்பங்கள் பல மாறிவிட்டன. இணையத்தில் பழைய கட்டளைகள்தான் நிறையக் கிடக்கின்றன, ஏஜென்ட்டும் அதையே எடுத்துவிடும். உங்கள் பதிப்பை முதல் வரியிலேயே எழுதி, வேலை செய்கிற முழுக் கட்டளை ஒன்றையும் பக்கத்தில் வையுங்கள்.

படி 6: தொடக்கூடாதது

அச்சுக்கு அனுப்பும்முன் எழுத்தைப் பாத் (வெறும் கோட்டு வடிவம்) ஆக மாற்றுவோம் இல்லையா, அதை மூலக் கோப்பிலேயே சேமித்துவிட்டால் அடுத்த முறை பெயரை மாற்ற வழியில்லை. "மூலக் கோப்பின் மேல் சேமிக்காதே" என்று கையேட்டில் எழுதுங்கள். அதோடு விடாமல் கோப்பையும் ரீட் ஒன்லி (படிக்க மட்டும்) ஆக்கிவிடுங்கள், எழுதி வைத்ததை மட்டும் நம்ப முடியாது.

படி 7: சோதனை

புதிய உரையாடல் ஒன்றைத் திறந்து, கையேட்டை மட்டும் கொடுத்து, உண்மையாக வந்த ஒரு வாட்ஸ்அப் ஆர்டரை எழுத்துப்பிழையோடு அப்படியே ஒட்டுங்கள். எங்கே தடுமாறினாலும் அந்த உரையாடலில் விளக்கம் சொல்லித் திருத்தாதீர்கள். கையேட்டில் அந்த வரியை மாற்றிவிட்டு, மறுபடி புதிய உரையாடல். எனக்கு ஒன்பதாவது தடவைதான் பத்திரிகை சரியாக வந்தது.