ஒரு நானோகுழாய் எவ்வளவு வெப்பத்தைக் கடத்தும்? கணக்குப் போட்டுப் பார்ப்போம்

கார்பன் நானோகுழாய் (கார்பன் அணுக்களால் ஆன மிக நுண்ணிய குழாய்) செம்பைவிடப் பல மடங்கு நன்றாக வெப்பம் கடத்தும் என்று படித்திருப்பீர்கள். உண்மைதான். ஆனால் அதையே பிளாஸ்டிக்கில் கலந்தால் பலன் ஏமாற்றமளிக்கிறது. காரணத்தை அறியக் காகிதமும் கால்குலேட்டரும் போதும்.

படி 1: வெப்பத்தைச் சுமப்பது எது?

செம்பில் பெரும்பங்கு எலக்ட்ரான்களுடையது. நானோகுழாயில் அணுக்களின் அதிர்வலைகள், அதாவது ஃபோனான்கள். கார்பன் அணு இலேசானது, பிணைப்போ மிக உறுதியானது. ஆகவே அதிர்வு விரைந்து பரவுகிறது.

படி 2: பரப்பு

2006இல் வெளியான ஓர் அளவீட்டில் 2.6 மைக்ரோமீட்டர் நீளமும் 1.7 நானோமீட்டர் விட்டமும் கொண்ட ஒற்றைச்சுவர்க் குழாய்க்கு, அறை வெப்பநிலையில், வெப்பக் கடத்துத்திறன் மீட்டர்-கெல்வினுக்குச் சுமார் 3500 வாட் எனக் கிடைத்தது. செம்புக்கு இது 400. சுவரின் தடிமனைக் கிராஃபைட் அடுக்குகளுக்கு இடையிலான 0.34 நானோமீட்டர் என்று கொள்வது வழக்கம். வெப்பம் பாயும் சுவரின் குறுக்குவெட்டுப் பரப்பு: 3.14 × 1.7 × 0.34 = 1.8 சதுர நானோமீட்டர். சிலர் குழியையும் சேர்த்து முழு வட்டத்தை எடுப்பார்கள். இரண்டு ஆய்வுகளை ஒப்பிடும்முன் இதைக் கட்டாயம் பாருங்கள்.

படி 3: குழாயின் தடை

கடத்துத்திறனைப் பரப்பால் பெருக்கி நீளத்தால் வகுத்தால், கெல்வினுக்கு 2.4 நானோவாட். தலைகீழாக்கினால் தடை: நானோவாட்டுக்கு 0.42 கெல்வின். இரு முனைகளுக்கும் 10 கெல்வின் வித்தியாசம் இருந்தால் 24 நானோவாட் பாயும். பெரிய எண்ணும் சிறிய பரப்பும் சேரும்போது இவ்வளவுதான் மிஞ்சுகிறது.

படி 4: சந்திப்பு

பிளாஸ்டிக்கில் கலந்தபின் வெப்பம் ஒரு குழாயிலிருந்து அடுத்ததற்குத் தாவ வேண்டும்; வில்லன் இங்கேதான் இருக்கிறான். இரண்டு குழாய்கள் குறுக்காகத் தொடும் இடத்தில் வலுவான பிணைப்பு கிடையாது. பலவீனமான வான் டெர் வால்ஸ் ஈர்ப்பு மட்டுமே. அதிர்வுகளில் பெரும்பகுதி திரும்பிவிடுகிறது. தொடும் பரப்பு 3 சதுர நானோமீட்டர், சந்திப்பின் கடத்தல் சதுர மீட்டர்-கெல்வினுக்கு 5 கோடி வாட் என்று உதாரணத்துக்கு வைத்துக்கொள்வோம். பெருக்கினால் கெல்வினுக்கு 0.15 நானோவாட், தடை 6.7.

இரண்டு குழாய்களும் ஒரு சந்திப்பும் தொடராக: 0.42 + 6.7 + 0.42, ஏறத்தாழ 7.5. அதே 10 கெல்வினுக்கு இப்போது 1.3 நானோவாட்தான். மொத்தத் தடையில் சந்திப்பின் பங்கு 89 சதவீதம்! குழாயின் கடத்துத்திறனை இரட்டிப்பாக்கினாலும் பெரிதாக எதுவும் மாறாது, போட்டுப் பாருங்கள்.

குழாய்களைப் பத்து மடங்கு நீளமாக்கி, கடத்துத்திறன் மாறவில்லை என்று கொண்டால் சந்திப்பின் பங்கு 44 சதவீதமாக இறங்கும். அதே தூரத்தைக் கடக்கத் தேவைப்படும் சந்திப்புகளும் குறையும்.