துறைமுகத்தில் அந்நிய முதலீடு: அரசுகள் கோட்டைவிடும் இடங்கள்

துறைமுகத்தில் வெளிநாட்டு நிறுவனம் பணம் போடுகிறது என்றதும் எல்லோரும் முதலில் கேட்பது, "எத்தனை சதவீதம்?" என்றுதான். அதோடு விசாரணை முடிந்துவிட்டதாக நினைப்பது முதல் தவறு. ஜெர்மனியின் ஹாம்பர்க் துறைமுகத்தில் உள்ள டோலரோர்ட் முனையத்தில் சீனாவின் காஸ்கோ கப்பல் நிறுவனம் 35 சதவீதப் பங்கு கேட்டது. 2022-இல் ஜெர்மன் அரசு அதை 25 சதவீதத்துக்குக் கீழே இறக்கியது. கூடவே, முக்கிய வணிக முடிவுகளையும் நிர்வாகிகள் நியமனத்தையும் தடுக்கும் உரிமை ஒப்பந்தத்தின் வழியாகக் காஸ்கோவுக்குப் போய்ச் சேரக் கூடாது என்றும் நிபந்தனை விதித்தது. இந்த இரண்டாவது நிபந்தனையைத்தான் நான் பெரிதாக மதிக்கிறேன். பங்கு சிறிதானாலும் தடுக்கும் உரிமை இருந்தால் பிடி அவர்கள் கையில்தான்.

சட்டத்தில் ஓட்டை இருந்தால் இப்படி நிபந்தனை போடும் வாய்ப்பே வராது. 2015-இல் ஆஸ்திரேலியாவின் வடக்கு ஆட்சிப்பகுதி அரசு, டார்வின் துறைமுகத்தை லேண்ட்பிரிட்ஜ் என்ற சீன நிறுவனத்துக்கு 99 ஆண்டுக் குத்தகைக்கு விட்டது. தொகை 50.6 கோடி ஆஸ்திரேலிய டாலர். அமெரிக்கப் படையினர் சுழற்சி முறையில் வந்து தங்கிப் பயிற்சி பெறும் ஊர் அது. ஆனாலும், மாநில அளவிலான அரசு தன் சொத்தைத் தனியார் நிறுவனத்துக்குக் கொடுத்தால் மத்திய அரசின் முதலீட்டு ஆய்வு கட்டாயமில்லை என்பதே அன்றைய விதி. மறு ஆண்டே விதியை மாற்றினார்கள். ஆனால் ஏற்கெனவே கொடுத்த குத்தகை அப்படியே தொடர்ந்தது. 2025 தேர்தலில் இரண்டு பெரிய கட்சிகளும் துறைமுகத்தை மீட்போம் என்று வாக்குறுதி கொடுக்க நேர்ந்தது.

ஒப்பந்தத்தை வரிக்கு வரி படிக்காமல் கையெழுத்திடுவதும் நடக்கிறது. பெரு நாட்டின் சான்காய் துறைமுகம் 2024 நவம்பரில் திறக்கப்பட்டது. அதே ஆண்டு மார்ச்சில், காஸ்கோவுக்குத் தனியுரிமை (அங்கே துறைமுகச் சேவைகளை அது மட்டுமே நடத்தும் உரிமை) கொடுத்தது நிர்வாகப் பிழை என்று சொல்லி, கொடுத்த துறைமுக ஆணையமே நீதிமன்றம் போனது. கடைசியில் சட்டத்தைத் திருத்தி அந்தத் தனியுரிமைக்கு வழிவிட்டார்கள்.

கரையில் நிற்கும் ராட்சத கிரேனை வெறும் இரும்பாகப் பார்ப்பதும் தவறுதான். அதை இயக்குவது மென்பொருள். பழுதுபார்க்கும் நிறுவனம் தொலைவிலிருந்தே அதற்குள் நுழைய முடியும். அப்படி நுழைவதற்கான கடவுச்சொல் யாரிடம் இருக்கிறது என்று முதலீட்டை ஆராயும் குழு கேட்க வேண்டும்.

எல்லாவற்றையும்விட என்னை வருத்துவது, கையெழுத்தானதும் கண்ணை மூடிக்கொள்வது. கிரீஸின் பிரேயஸ் துறைமுகத்தில் 2016-இல் காஸ்கோ 51 சதவீதப் பங்கை வாங்கியது. ஒப்புக்கொண்ட முதலீட்டுப் பணிகளை முடித்தால் மேலும் 16 சதவீதம் என்று பேச்சு. 2021-இல் பணிகள் முடியவில்லை. தாமதத்துக்குத் தான் பொறுப்பல்ல என்றது நிறுவனம். ஒப்பந்தத்தைத் திருத்தி, கூடுதல் அவகாசமும் கொடுத்து, 16 சதவீதத்தையும் கொடுத்தார்கள். எந்த அனுமதி எந்தத் தேதியில் கேட்கப்பட்டது, எப்போது கிடைத்தது, எந்த வேலை எதனால் நின்றது என்று அரசு மாதந்தோறும் தன் கைப்படப் பதிவு வைத்திருந்தால்தான் அப்படிப்பட்ட பேச்சுவார்த்தை மேசையில் எதிர்த்துப் பேச முடியும்.