ஒக்சிஜன் சென்சர் வயரிங்: நிறத்தை நம்பி இணைக்காதீர்கள்

எஞ்சின் புகையில் எவ்வளவு ஒக்சிஜன் மிஞ்சியிருக்கிறது என்று காரின் கம்பியூட்டருக்குச் சொல்வதுதான் ஒக்சிஜன் சென்சர். கொழும்பு பஞ்சிகாவத்தையின் உதிரிப்பாகக் கடைகளில் 'எல்லாக் காருக்கும் சரிவரும்' என்று கொடுக்கும் ஒக்சிஜன் சென்சருக்குப் பிளக் இருக்காது. நான்கு வயர் நுனிகள் மட்டும் நீட்டிக்கொண்டிருக்கும். பழைய சென்சரின் பிளக்கை வெட்டி இதில் பொருத்த வேண்டும். தப்பு நடப்பது பெரும்பாலும் இந்த இடத்தில்தான்.

என் பழைய டொயோட்டாவுக்கு அதுதான் நடந்தது. பின் சென்சரை, அதாவது புகையைச் சுத்தமாக்கும் கற்றலிற்றிக் கொன்வேர்ட்டருக்குப் பின்னால் இருப்பதை, மாற்றிக் கொடுத்த மெக்கானிக் பாஸ், "கறுப்புக்குக் கறுப்பு, வெள்ளைக்கு வெள்ளை, அவ்வளவுதான் தம்பி" என்றார். நானும் பக்கத்தில் நின்று தலையாட்டினேன். வீட்டுக்கு வருவதற்குள் செக் எஞ்சின் விளக்கு எரிந்தது. ஸ்கேனரில் பி0141, அதாவது பின் சென்சரைச் சூடாக்கும் ஹீட்டரின் மின்சுற்றில் கோளாறு.

காரணம் எளிது. சென்சர் செய்யும் நிறுவனத்துக்கு நிறுவனம் வயர் நிறம் மாறும். டென்சோ சென்சர்களில் பொதுவாக இரண்டு கறுப்பு வயர்கள் ஹீட்டருக்கு, நீலம் சிக்னலுக்கு, வெள்ளை சிக்னலின் ஏர்த்துக்கு. பொஷ்ஷில் இரண்டு வெள்ளையும் ஹீட்டர், கறுப்பு சிக்னல், சாம்பல் ஏர்த். டென்சோ பிளக்கின் கறுப்பைப் பொஷ்ஷின் கறுப்போடு முறுக்கினால், ஹீட்டருக்குப் போக வேண்டிய 12 வோல்ட், ஒரு வோல்ட்டைக்கூடத் தொடாத சிக்னல் வயருக்குள் நுழையலாம். புதுச் சென்சர் அன்றைக்கே செத்துவிடும். இணைப்பு வேறு விதமாகப் பிசகினால் கம்பியூட்டருக்கும் ஆபத்து. காரிலிருந்து வரும் வயர்களின் நிறம் இன்னும் வேறாக இருக்கும், அதை வைத்தும் ஊகிக்க வேண்டாம்.

ஆகவே முதலில் மீற்றர், பிறகுதான் குறடு. சென்சரில் ஒரே நிறத்தில் உள்ள இரண்டு வயர்களுக்கும் இடையே, சூடில்லாதபோது ஓம் அளந்து பாருங்கள். சில ஓம்களிலிருந்து பதினைந்து ஓம் வரை காட்டினால் அதுதான் ஹீட்டர். அந்த இரண்டையும் இடம் மாற்றிப் போட்டாலும் குற்றமில்லை. ஹீட்டர் வயருக்கும் சென்சரின் உலோக உடலுக்கும் இடையே தொடர்பே இருக்கக் கூடாது. அப்புறம் சாவியைத் திருப்பி, காரிலிருந்து வரும் பிளக்கில் எந்த உலோகப் பின்னில் (pin) 12 வோல்ட் வருகிறது என்று பாருங்கள். சில கார்களில் எஞ்சின் ஓடும்போதுதான் வரும். வரவில்லையென்றால் சென்சரைப் பழிக்க முன்னர் பியூஸைப் பாருங்கள்.

மற்ற இரண்டு வயர்களில் மட்டும் ஓம் அளக்க வேண்டாம். மீற்றர் அனுப்பும் மின்னோட்டமே உள்ளே ஒக்சிஜனை உணரும் சிர்கோனியா என்ற பீங்கானைக் கெடுத்துவிடக்கூடும். அவற்றில் வோல்ட் மட்டும், அதுவும் டிஜிட்டல் மீற்றரால். ஊசி மீற்றர் வேண்டாம்.

எஞ்சினை நன்றாகச் சூடாக்கிவிட்டுப் பாருங்கள். முன் சென்சர் 0.1 வோல்ட்டுக்கும் 0.9 வோல்ட்டுக்கும் இடையே ஓயாமல் ஏறி இறங்க வேண்டும். மைனஸ் காட்டினால் சிக்னலும் ஏர்த்தும் மாறியிருக்கின்றன. கம்பியூட்டர் அதை 'பெற்றோல் குறைவு' என்று எடுத்துக்கொண்டு மேலும் மேலும் ஊற்றும். அப்படியே போனால் வருமான அனுமதிப்பத்திரத்துக்கான புகைப் பரிசோதனையில் நிச்சயம் சிக்கல்தான். பின் சென்சர் ஏறி இறங்காமல் 0.6, 0.7 என்று நிற்பது பழுதல்ல. கற்றலிற்றிக் கொன்வேர்ட்டர் நன்றாக இருக்கிறது என்று அர்த்தம்.

இந்த 0.1–0.9 கணக்கை எல்லாக் காருக்கும் போட்டுப் பார்க்காதீர்கள். ஜப்பானிலிருந்து வந்த புதிய டொயோட்டாக்கள் பலவற்றில் முன்னால் இருப்பது எயார் பியூவல் ரேஷியோ சென்சர், அதாவது காற்றுக்கும் பெற்றோலுக்கும் உள்ள விகிதத்தை அளப்பது. அதன் இரு வயர்களில் 3.3, 3.0 வோல்ட் என்று வரும், ஹீட்டரும் இரண்டு மூன்று ஓம்தான். அந்த இடத்தில் சாதாரண நான்கு வயர்ச் சென்சரைப் போட்டால் வயரிங் எவ்வளவு சரியாக இருந்தாலும் வேலை செய்யாது.

ஈயம் வைத்துப் பற்றவைப்பதும் தவறு, கேட்டவர்கள் பலர் நம்ப மறுக்கிறார்கள். இந்தச் சென்சர் ஒப்பிட்டுப் பார்க்க வெளிக்காற்று வேண்டும். அது பல சென்சர்களில் வயர் இழைகளுக்கு நடுவேதான் உள்ளே போகிறது. ஈயம் அந்த வழியை அடைத்துவிடும். வயர்களை இணைக்கும் உலோகக் குழாயான கிரிம்ப்பைப் போட்டு இறுக நெரிப்பதே சரி. மழைக்காலத்தில் தெருவில் நின்ற தண்ணீருக்குள் ஓட்டிவிட்டு, பிளக் பச்சை பிடித்திருக்கிறது என்று கிரீஸையோ ஸ்பிரேயையோ அடைப்பவர்களுக்கும் இதேதான். அந்தப் பிளக்கைக் கழற்றிக் காயவிடுங்கள். பச்சை ஆழமாக ஏறியிருந்தால் அந்த உலோகப் பின்னையே மாற்றுங்கள்.

கடைசியாக வயரைச் சைலன்சர் குழாயில் படாமல் பழைய கிளிப்பிலேயே மாட்டுங்கள். எஞ்சின் ஆடும்போது இழுபடாத அளவுக்குக் கொஞ்சம் தளர்வும் விடுங்கள். என் காரில் இரண்டாவது சென்சரை அப்படித்தான் பூட்டினேன். பி0141 அதற்குப் பிறகு வரவில்லை.