மெல்லிய சிப் போட்டும் சூடு குறையவில்லையா?

மோட்டார் டிரைவ், சோலார் இன்வெர்ட்டர் போன்றவற்றில் மின்சாரத்தை வேகமாக ஆன்-ஆஃப் செய்யும் சுவிட்சாக இருக்கும் ஐஜிபிடி டிரான்சிஸ்டரின் சிலிக்கான் இன்று 1200 வோல்ட் ரகத்தில் சுமார் 120 மைக்ரான், 600 வோல்ட் ரகத்தில் சுமார் 70 மைக்ரான் தடிமன்தான். மெலிந்த சிலிக்கானில், ஆனில் இருக்கும்போது சிப்பிலேயே வீணாகும் வோல்ட்டேஜ் (வோல்ட்டேஜ் வீழ்ச்சி) குறைவு. ஆஃப் ஆகும்போது உள்ளே தேங்கிய மின்னூட்டமும் சீக்கிரம் வெளியேறும். இதை நம்பிப் பழைய சிப்பைக் கழற்றிப் புதியதைப் போடுகிறார்கள். சிப்பின் சூட்டை வெளியேற்றும் ஹீட்சிங்க் என்னவோ அதே சூட்டில் கொதிக்கிறது.

பெரும்பாலும் கோளாறு கேட் ரெசிஸ்டரில்தான். சிப்பை ஆன்-ஆஃப் செய்யும் கால்தான் கேட்; அது எவ்வளவு வேகமாக மாறும் என்பதை இந்த ரெசிஸ்டர் தீர்மானிக்கிறது. பழைய சிப்புக்குக் கணக்குப் போட்ட மதிப்பை அப்படியே விட்டால், புதிய சிப்பும் சாவகாசமாகத்தான் ஆன் ஆகும். சரி, குறைத்துவிடலாம் என்று ஒரேயடியாகக் குறைத்தால் வேறு வம்பு. பஸ்பாரும் (மின்சாரம் கொண்டுவரும் உலோகப் பட்டை) கெப்பாசிட்டர் கால்களும் சேர்ந்து 100 நானோஹென்றி இண்டக்டன்ஸ், அதாவது மின்னோட்ட மாற்றத்தை எதிர்க்கும் தன்மை, இருக்கிறது என்று வையுங்கள். மின்னோட்டம் நானோசெகண்டுக்கு 3 ஆம்பியர் வீதம் அறுந்தால் 300 வோல்ட் கூடுதலாக எகிறும். பஸ்பாரில் 800 வோல்ட் இருந்தால் மொத்தம் 1100. 1200 வோல்ட் சிப்புக்கு இது கத்திமேல் நடை. அதனால் முதலில் பஸ்பாரைக் குறுக்குங்கள், மின்னோட்டம் போகும் பட்டையும் திரும்பும் பட்டையும் ஒட்டியே ஓடட்டும். ஃபிலிம் கெப்பாசிட்டரை ஐஜிபிடி மாட்யூலின் காலடியிலேயே வையுங்கள். ரெசிஸ்டரில் கை வைப்பது அதற்கு அப்புறம். ஆனுக்கும் ஆஃபுக்கும் ஒரே ரெசிஸ்டர் போடுவது சோம்பேறித்தனம். இந்த ரகச் சிப்களில் ரெசிஸ்டரைக் குறைத்தால் ஆன் ஆகும்போது சூடாக வீணாகும் ஆற்றல் (ஆன் இழப்பு) நன்றாகக் குறையும், ஆஃப் இழப்பு அவ்வளவாக அசையாது.

டயோடை மறந்துவிடுவதும் உண்டு. ஐஜிபிடி ஆன் ஆகும்போது எதிர்ப்பக்க டயோடு உடனே அடங்காமல் சற்று நேரம் பின்னோக்கி மின்னோட்டம் விடும் (ரிவர்ஸ் ரெகவரி). அது அடங்கும்வரை அந்த மின்னோட்டத்தையும் ஐஜிபிடிதான் சுமக்கிறது. மந்தமான டயோடுக்கு ஜோடியாக எவ்வளவு நல்ல சிப்பைப் போட்டாலும் வீண்.

டேட்டாஷீட்டில் 25 டிகிரி வோல்ட்டேஜ் வீழ்ச்சியை மட்டும் பார்த்து, சுவிட்சிங் இழப்பைப் பார்க்காமல் வாங்குவது இன்னொரு தவறு. 50 ஆம்பியரில், பாதி நேரம் ஆனில் இருக்கும் சிப்பில், 0.4 வோல்ட் குறைந்தால் மிச்சம் 10 வாட். அதற்கு விலையாக ஒவ்வொரு சுவிட்சிங்குக்கும் 1 மில்லிஜூல் கூடினால், 4 கிலோஹெர்ட்ஸில் 4 வாட்தான், லாபம். 20 கிலோஹெர்ட்ஸில் 20 வாட், நஷ்டம்.

வோல்ட்டேஜ் வீழ்ச்சியைக் குறைக்கக் கேட் வோல்ட்டேஜை 15-லிருந்து 18-க்கு ஏற்றுவது குறுக்குவழி மாதிரி தெரியும். ஷார்ட் ஆனால் பாயும் மின்னோட்டமும் கூடவே ஏறும். மெல்லிய சிப்பில் அந்தச் சூட்டை வாங்கிக்கொள்ளச் சிலிக்கான் கொஞ்சம்தான். பழைய ரகங்கள் ஷார்ட்டை 10 மைக்ரோசெகண்ட் தாங்கின. புதியவற்றில் பல அதில் பாதிதான் தாங்கும். பாதுகாப்பு சர்க்யூட் அதற்குள் முந்த வேண்டும்.

இழப்பை அளக்கும்போது வோல்ட்டேஜ் புரோபுக்கும் கரண்ட் புரோபுக்கும் உள்ள தாமத வித்தியாசத்தைச் சரிசெய்துவிட்டீர்களா? 600 வோல்ட், 100 ஆம்பியரில் 10 நானோசெகண்ட் பிசகினால் ஏறக்குறைய 0.6 மில்லிஜூல் பொய்க்கணக்கு வரும். ஆன் இழப்பில் கூட்டிக் காட்டினால் ஆஃபில் குறைத்துக் காட்டும்.