பழைய காருக்கு 134ஏ கேஸ்: முதலில் ஆயிலைக் கவனியுங்கள்

தண்டையார்பேட்டையில் கார் ஏ.சி. பட்டறை வைத்திருக்கிறேன். பழைய மாருதி 800, கான்டெஸா, பிறகு ஏ.சி. பொருத்திய அம்பாசடர் என்று ஏ.சி.-யில் குளிர்ச்சிக்கு ஆர்-12 கேஸ் ஓடிய காலத்து வண்டிகள் இன்னும் வருகின்றன. ஓசோன் படலத்தைக் காக்க 1987-ல் மான்ட்ரியலில் போட்ட ஒப்பந்தத்தால் அந்த கேஸ் நின்றுபோய், அதன் இடத்தில் 134ஏ கேஸ் வந்தது. "கேஸை மட்டும் 134ஏ-வா மாத்திடுங்கண்ணே" என்பார்கள். கேஸ் ஏற்றுவது கடைசி வேலை. கம்ப்ரஸர் பிழைப்பதும் போவதும் அதற்கு முன்பு செய்வதில்தான் இருக்கிறது.

ஆர்-12 சிஸ்டத்தில் இருப்பது மினரல் ஆயில். அது கேஸோடு கலந்து சுற்றி கம்ப்ரஸருக்கே திரும்பி வரும். 134ஏ அந்த ஆயிலோடு கலக்காது. ஆயில் கூலிங் காயிலில் தங்கிவிடும், கம்ப்ரஸர் வறண்டு ஜாம் ஆகும்.

உள்ளே மிச்சமிருக்கும் பழைய கேஸை மெஷின் வைத்து சிலிண்டரில் பிடிக்கச் சொல்லுங்கள், காற்றில் விடக் கூடாது. தீ வைத்து லீக் பார்க்கவே கூடாது. ஆர்-12 தீயில் பட்டால் ஃபாஸ்ஜீன் என்ற விஷவாயு உண்டாகும். அப்புறம் கம்ப்ரஸரைக் கழற்றிக் கவிழ்த்து, கிளட்ச் பக்கத்தைக் கையால் சுற்றிச் சுற்றி ஆயிலை வடிக்க வேண்டும். கூலிங் காயிலுக்குள் கேஸை அளந்து விடும் எக்ஸ்பான்ஷன் வால்வைக் கழற்றிவிட்டு, குழாய்களையும் காயில்களையும் ஏ.சி.-க்கென்றே விற்கும் ஃப்ளஷ் திரவத்தால் கழுவி நைட்ரஜனால் ஊத வேண்டும். பஞ்சர் கடைக் காற்று வேண்டாம், அதில் ஈரம் இருக்கும். புது ஆயிலாக நான் எஸ்டர் என்ற செயற்கை ஆயிலைத்தான் ஊற்றுவேன். மிச்சம் மீதி மினரல் ஆயிலை அது பொறுத்துக்கொள்ளும், 134ஏ-க்குப் போடும் இன்னொரு செயற்கை ஆயிலான பி.ஏ.ஜி. அந்த அளவுக்குப் பொறுக்காது.

ஜாயின்ட்டுகளில் உள்ள ஓ-ரிங் எல்லாவற்றையும் 134ஏ-க்கு ஒத்துவருபவையாக மாற்றுங்கள். சர்வீஸ் வால்வுகளுக்கு 134ஏ அடாப்டர் போடுங்கள். ஹை பிரஷர் கட்-ஆஃப் சுவிட்ச் இல்லாத வண்டிக்கு அதையும் பொருத்துவது நல்லது.

கேஸில் உள்ள ஈரத்தை உறிஞ்சும் டிரையர் பாட்டில் புதிதாகவே இருக்க வேண்டும், 134ஏ-க்கு ஏற்றதாகவும். கேஸின் சூட்டை வெளியேற்றும் கண்டென்சரைக் கூடப் புதுப்பேட்டையில் பழையதாகப் பார்த்து வாங்கலாம், பழைய டிரையரை வாங்காதீர்கள். காசிமேடு, திருவொற்றியூர் பக்கம் கடற்காற்றில் எப்போதும் ஈரம். மூடியைத் திறந்து வைத்துவிட்டு டீ குடிக்கப் போனால் திரும்பி வருவதற்குள் அது ஈரத்தை இழுத்துக்கொள்ளும். எல்லாம் பூட்டிய பிறகு கடைசியாக டிரையரை மாட்டி, உடனே வேக்கம் போடுங்கள், அதாவது பம்ப் வைத்து உள்ளே இருக்கும் காற்றையும் ஈரத்தையும் இழுத்து எடுங்கள். முக்கால் மணி நேரமாவது ஓடட்டும். பம்பை நிறுத்தி அரைமணி பாருங்கள். கேஜ் முள் ஏறினால் லீக்கோ ஈரமோ இருக்கிறது, கேஸ் ஏற்றாதீர்கள்.

ஆர்-12-க்குச் சொன்ன எடையில் 80 சதவீதத்தில் தொடங்குங்கள். 800 கிராம் என்றிருந்தால் 640. தராசில் வைத்துத்தான் ஏற்ற வேண்டும். கேஸ் ஓடுவதைப் பார்க்க வைத்திருக்கும் சைட் கிளாஸ் கண்ணாடியில் குமிழ் போகும்வரை ஏற்றுவது ஆர்-12 காலத்துப் பழக்கம். 134ஏ-க்கு அப்படிச் செய்தால் கேஸ் அதிகமாகி பிரஷர் எகிறும்.

ஓடும் வண்டியில் நன்றாகக் குளிர்ந்து, எண்ணூர் நெடுஞ்சாலையில் கன்டெய்னர் லாரிகளுக்குப் பின்னால் நிற்கும்போது சூடாக ஊதினால், கண்டென்சரைப் பாருங்கள். 134ஏ-ல் ஹை சைடு பிரஷர், அதாவது கம்ப்ரஸர் அழுத்தித் தள்ளும் பக்கத்துப் பிரஷர், கூடுதலாக இருக்கும். உப்புக்காற்றில் ஃபின் அரித்த பழைய கண்டென்சர் அதைத் தாங்காது. கேஸ் பல மெல்லிய குழாய்களில் ஒரே நேரத்தில் ஓடும் பேரலல் ஃப்ளோ கண்டென்சரும் முன்னால் ஒரு எலெக்ட்ரிக் ஃபேனும் போடுங்கள். இந்தச் செலவுக்குத் தயங்குபவர்களிடம் நான் வேலையையே எடுப்பதில்லை.

சமையல் கேஸ் கலந்து அடித்தால் மலிவு என்று யாராவது சொன்னால் வண்டியை எடுத்துக்கொண்டு வந்துவிடுங்கள். கூலிங் காயில் டேஷ்போர்டுக்குள் இருக்கிறது, லீக் ஆனால் எரியும் வாயு நீங்கள் உட்காரும் இடத்துக்கே வரும்.

வேலை முடிந்ததும் கேஸ் 134ஏ, ஆயில் எஸ்டர், எத்தனை கிராம் என்று எழுதி பானெட்டுக்கு உள்பக்கம் ஒட்டச் சொல்லுங்கள்.