கிரவுன் மார்ஜினைக் கெடுக்கும் பர் தவறுகள்

நீலகிரியில் கோத்தகிரியிலும் கூடலூரிலும் கிரவுனுக்காக (பல்லுக்குப் போடும் மூடி) எடுக்கும் அளவு பல நேரம் மலையிறங்கிக் கோயம்புத்தூர் லேபுக்குத்தான் போகிறது. “மார்ஜின் தெரியலை டாக்டர்” என்று (மார்ஜின் என்றால் செதுக்கிய பல்லில் கிரவுன் வந்து முடியும் ஓரம்) அங்கிருந்து போன் வந்தால், எஸ்டேட் தொழிலாளிக்கு இன்னொரு நாள் கூலி போச்சு. கோளாறு பெரும்பாலும் பல்லைச் செதுக்கும்போது கடைசி இரண்டு நிமிஷத்தில் எடுத்த பர்ரில், அதாவது சுழன்று வெட்டும் முனையில்தான் இருக்கும்.

பர்ரிலுள்ள நிற வளையத்தை மட்டும் பார்த்து பர் எடுப்பதுதான் அடிக்கடி நடக்கும் தவறு. பச்சை கரடு, நீலம் நடுத்தரம், சிவப்பு நைஸ், மஞ்சள் அதைவிட நைஸ். இது எல்லோருக்கும் தெரியும். மறந்துபோவது முனையின் அகலம். 1.2 மி.மீ. முனையுள்ள பச்சை பர்ரில் சேம்ஃபர் (வளைவான ஓரப் படி) எடுத்துவிட்டு 1.0 மி.மீ. சிவப்பால் தேய்த்தால் வழவழப்பு வராது, சேம்ஃபருக்குள்ளேயே சின்ன வாய்க்கால் விழும். முடிக்கும் பர் அதே வடிவம், அதே முனை அகலம், அல்லது ஒரு நூலளவு பெரிதாக இருக்கட்டும்.

முனை அகலத்தில் பாதிக்கு மேல் பல்லுக்குள் இறக்குவதும் அப்படித்தான். 1.2 என்றால் 0.6 மி.மீ.தான் எல்லை. தாண்டினால் வெளி ஓரத்தில் எனாமல் காகிதம்போல் உதடாக நிற்கும். கிரவுன் ஒட்டியபின் அது ஒடிந்தால் அந்த இடத்தில் இடைவெளி. மெல்லிய உதட்டை மஞ்சள் பர்ரால் நீவிக்கொண்டிருக்காமல் கை உளியால் சீவிவிடுவது மேல்.

பன்னிரண்டு வெட்டுள்ள கார்பைடு பர் டென்டினில் (எனாமலுக்கு அடியிலுள்ள பகுதி) கூரான மார்ஜின் தரும். எனாமலில் அழுத்தினால் சில்லு பெயரும். முனை மட்டும் வெட்டும் பர் ஷோல்டருக்கு (தட்டையான ஓரப் படி) உரியது, சேம்ஃபரில் வைத்தால் தட்டையாக்கிவிடும். ஈறுக்குக் கீழே ஒருபுறம் மட்டும் டயமண்ட் பூசிய, அதிர்ந்து வெட்டும் சோனிக் முனை நல்லது, ஈறு கிழியாது. ஆனால் அதில் பல்லைக் குறைக்கப் பார்த்தால் மதியச் சாப்பாடு மாலைக்குத்தான்.

ஊட்டி சுமார் 2,240 மீட்டர் உயரம். காற்று மெல்லியது என்பதால் பர்ரைச் சுழற்றக் காற்று தரும் கம்ப்ரசரின் டாங்க் நிறையக் கூடுதல் நேரமாகும். வேலை நடுவே பிரஷர் இறங்கினால் பர் திணறும், கை தானாக அழுத்தும், மார்ஜினில் அலை விழும், பல் சூடேறும். 1965-இல் குரங்குப் பற்களில் நடந்த ஆய்வில், பற்கூழின் வெப்பம் 5.5 டிகிரி செல்சியஸ் ஏறியபோது சுமார் 15 சதவீதம் மீளவில்லை. ஆகவே, ஓரம் தெரியவில்லையே என்று தண்ணீரை நிறுத்திவிட்டு முழு வேகத்தில் ஓட்டாதீர்கள். பெடலிலிருந்து காலை லேசாக எடுத்து, தொட்டுத் தொட்டு விடுங்கள். பனிமூட்ட மாதங்களில் டாங்கில் தேங்கும் நீரைத் தினமும் திறந்துவிடவும்.

பக்கச் சுவரைக் கண்ணாடியாக்க மெனக்கெட வேண்டாம். சிங்க் பாஸ்பேட் சிமென்ட் என்றால் கொஞ்சம் சொரசொரப்பு பிடிமானத்துக்கு உதவும். வழவழப்பு தேவைப்படுவது ஓரத்துக்கு. சிர்கோனியா (ஒருவகைப் பீங்கான்) கிரவுன் என்றால் பல்லின் மூலைகளைச் சிவப்பு பர்ரால் உருட்டிவிடுங்கள். கிரவுனைக் குடைந்தெடுக்கும் மில்லிங் மெஷினின் பர் கூர்மூலைக்குள் நுழையாது. மூலையைச் சுற்றி அது கூடுதலாகக் குடைந்துவிட்டால் அங்கே கிரவுன் மெலிந்து போகும்.

புது பர் போட்டும் அலை வந்தால், பர்ரைப் பொருத்தும் கைக்கருவியான ஹேண்ட்பீஸைப் பாருங்கள். வெளிச்சத்தில் சுழற்றும்போது முனை இரட்டையாகத் தெரிந்தால் பர்ரைப் பிடிக்கும் சக்கோ பேரிங்கோ தேய்ந்திருக்கிறது.