காது மெஷின் பராமரிப்பு: புதிதாக மாட்டியவர்களுக்குச் செய்முறை

‘மெஷின் ரிப்பேர், சத்தமே வரலை’ என்று சர்வீசுக்கு வரும் கருவிகளைத் திறந்து பார்த்தால், பெரும்பாலும் உள்ளே எதுவும் கெட்டிருக்காது. மோல்டின் (காதுக்குள் பொருந்தும் அச்சின்) துளையில் குறும்பி அடைத்திருக்கும், டியூப்பில் ஒரு சொட்டு ஈரம் நின்றிருக்கும், அல்லது பேட்டரி தீர்ந்திருக்கும். மூன்றையும் வீட்டிலேயே சரிசெய்யலாம்.

முதலில் உங்களுடையது எந்த வகை என்று பாருங்கள். காதுக்குப் பின்னால் கருவி, அதிலிருந்து தடித்த பிளாஸ்டிக் டியூப், காதுக்குள் அச்செடுத்துச் செய்த மோல்டு என்றால் பி.டி.இ. டியூப்புக்குப் பதில் மெல்லிய ஒயர் வந்து, அதன் நுனியில் குட்டி ஸ்பீக்கரும் குடை போன்ற சிலிகான் டோமும் இருந்தால் ஆர்.ஐ.சி. இந்த வித்தியாசம் முக்கியம். பி.டி.இ.யின் மோல்டைக் கழற்றித் தண்ணீரில் கழுவலாம். ஆர்.ஐ.சி.யின் எந்தப் பாகத்திலும் தண்ணீர் படக் கூடாது. நுனியில் இருப்பதே ஸ்பீக்கர்தான்.

வாங்கி வைக்க வேண்டியவை கொஞ்சம்தான்: மென்மையான சிறு பிரஷ், காய்ந்த பருத்தித் துணி, காற்று ஊதும் ரப்பர் பந்து, சிலிகா ஜெல் போட்ட இறுக்கமான மூடியுள்ள டப்பா. ஆர்.ஐ.சி. என்றால் உங்கள் மாடலுக்கான வேக்ஸ் கார்டு (குறும்பி ஸ்பீக்கருக்குள் போகாமல் தடுக்கும் குட்டி வடிகட்டி) ஒரு பாக்கெட்.

ராத்திரி கழற்றியதும்

மெஷினைக் காய்ந்த துணியால் துடையுங்கள். மேல்பக்கம் ஊசிமுனை அளவில் இரண்டு துளைகள் இருக்கும், அவைதான் மைக். தேங்காய் எண்ணெய், முகப் பவுடர், வியர்வை உப்பு எல்லாம் அடைந்து நிற்கும் இடம் அதுவே. மெஷினைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டு பிரஷால் தட்டிவிடுங்கள். நேராகப் பிடித்துத் தேய்த்தால் தூசி உள்ளேதான் போகும்.

அடுத்து பேட்டரி மூடியைத் திறந்து, பேட்டரியை எடுத்து வெளியே வையுங்கள். மூடியைத் திறந்தபடியே மெஷினை சிலிகா ஜெல் டப்பாவில் போட்டு மூடுங்கள். பேட்டரியையும் சேர்த்துப் போட்டால் அதற்குள் இருக்கும் ஈரம் வற்றி, சீக்கிரம் செத்துவிடும். சார்ஜ் செய்யும் வகை என்றால் ராத்திரி சார்ஜரில்தான் இருக்க வேண்டும். சார்ஜரில் வைப்பதற்கு முன் மெஷினின் உலோகப் புள்ளிகளைத் துடைத்துவிடுங்கள்.

சிலிகா ஜெல் மணிகள் நிறம் மாறினால் (ஆரஞ்சு பச்சையாகும், நீலம் இளஞ்சிவப்பாகும்) ஈரம் குடிக்கும் சக்தி போய்விட்டது, மாற்றுங்கள். அரிசிக்குள் புதைத்து வைக்கும் பழக்கம் பலரிடம் இருக்கிறது. அரிசி மாவுத்தூள் மைக்கை அடைப்பதுதான் அதில் கிடைக்கும் பலன். ஐப்பசி, கார்த்திகை மழைக்காலத்திலும், கடலோர ஊர்களில் வருடம் முழுக்கவும் இந்த டப்பாவை ஒரு நாள்கூட விடாதீர்கள்.

மோல்டு கழுவுதல் (பி.டி.இ., வாரம் ஒருமுறை)

1. ஒரு கையால் மெஷினின் கொக்கியையும் (காது மேல் வளைந்து உட்காரும் பகுதி), மறு கையால் டியூப் நுனியையும் பிடித்து, லேசாகத் திருகி இழுங்கள். மோல்டைப் பிடித்து இழுத்தால் டியூப் மோல்டிலிருந்து பிடுங்கிக்கொண்டு வந்துவிடும்.
2. வெதுவெதுப்பான தண்ணீரில் ஒரு சொட்டு மென்மையான சோப்பு கலந்து, 5 நிமிடம் ஊறவிட்டு, பிரஷால் தேய்த்து அலசுங்கள். ஸ்பிரிட், டெட்டால், சானிடைசர் வேண்டாம். மோல்டு கெட்டியாகி விரிசல் விடும்.
3. டியூப் வழியாக ரப்பர் பந்தால் காற்றை அடித்துத் தண்ணீரை வெளியேற்றுங்கள். பிறகு ராத்திரி முழுக்கக் காயட்டும். உள்ளே ஒரு சொட்டு நின்றாலும் காலையில் சத்தம் கேட்காது.
4. பழைய வளைவிலேயே கொக்கியில் மாட்டுங்கள். சிவப்புக் குறி வலது காது, நீலம் இடது.

டியூப் மஞ்சளடித்து விறைப்பாகிவிட்டால் மோல்டை வெளியே தள்ளும், விசில் அடிக்கும். 3 முதல் 6 மாதத்துக்கு ஒருமுறை மாற்றச் சொல்லுங்கள்.

வேக்ஸ் கார்டு மாற்றுதல் (ஆர்.ஐ.சி.)

டோமைக் கழற்றினால் ஸ்பீக்கர் நுனியில் வெள்ளைப் பொட்டு மாதிரி சின்ன வடிகட்டி தெரியும். பாக்கெட்டில் வரும் குச்சிக்கு இரண்டு முனை. வெறும் முனையை அழுக்கான வடிகட்டியில் குத்தி நேராக இழுங்கள், கழன்று வரும். குச்சியைத் திருப்பி, புதியது இருக்கும் முனையை அதே துளையில் அழுத்தி எடுத்தால் உட்கார்ந்துவிடும். டோமைத் திரும்ப மாட்டும்போது நன்றாக அழுத்துங்கள். தளர்வாக இருந்தால் கழற்றும்போது காதுக்குள்ளேயே தங்கிவிடும். ஊக்கு, தையல் ஊசி கொண்டு நோண்டவே வேண்டாம். வடிகட்டிக்குப் பின்னால் இருப்பது ஸ்பீக்கரின் மெல்லிய சவ்வு.

பேட்டரி

பேட்டரியின் சைஸ் எண்ணும் அதன் நிறமும்: 10 மஞ்சள், 312 பழுப்பு, 13 ஆரஞ்சு, 675 நீலம். எந்தக் கம்பெனியானாலும் ஸ்டிக்கர் நிறம் இதுதான். இவை ஜிங்க்-ஏர் பேட்டரிகள், காற்றுப் பட்டால்தான் வேலை செய்யும். ஸ்டிக்கரை உரித்து 3 முதல் 5 நிமிடம் வெளியே வைத்துவிட்டுப் போடுங்கள். உடனே போட்டு மூடினால் முழு வோல்டேஜ் வராது. உரித்த ஸ்டிக்கரைத் திரும்ப ஒட்டிச் சேமிக்கவும் முடியாது. ஃப்ரிட்ஜில் வைத்தால் ஈரம்தான் சேரும். சில்லறையோடு பர்சில் போட்டால் ஷார்ட் ஆகும்.

பேட்டரியைக் குழந்தை விழுங்கிவிட்டால், மூக்கிலோ காதிலோ போட்டுக்கொண்டால், காத்திருக்காமல் உடனே மருத்துவமனைக்குப் போங்கள். வாந்தி எடுக்க வைக்காதீர்கள்.

மாட்டுவதும் கழற்றுவதும்

குளியல், தலைக்கு எண்ணெய், பவுடர், சென்ட் எல்லாம் முடிந்து, கையையும் காதையும் துடைத்த பிறகு கடைசியாக மெஷின். காதுக்குச் சொட்டு மருந்து விடும் நாட்களில் எப்போது மாட்டலாம் என்று டாக்டரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். எம்.ஆர்.ஐ. அறைக்குள் கொண்டுபோகவே கூடாது.

மழையில் நனைந்துவிட்டதா? பேட்டரியை எடுத்துவிட்டுத் துடைத்து, 24 மணி நேரம் சிலிகா ஜெல்லில் விடுங்கள். ஹேர் டிரையர், வெயில், அடுப்பு மேடை வேண்டாம். சூட்டில் உள்பாகங்கள் கெட்டுப்போகும்.

குழந்தைக்கு மாட்டியிருந்தால் தினமும் காலையில் ஒரு சோதனை. பின்னால் நின்று ம், ஊ, ஆ, ஈ, ஷ், ஸ் என்ற ஆறு ஒலிகளைச் சாதாரணக் குரலில், வரிசை மாற்றிச் சொல்லுங்கள். கேட்டதும் குழந்தை திருப்பிச் சொல்லட்டும், அல்லது கை தூக்கட்டும். கனத்த ஒலி முதல் மெல்லிய கீச்சொலி வரை பேச்சின் முழு வீச்சும் இந்த ஆறில் அடங்கிவிடும். நேற்று கேட்ட ‘ஸ்’ இன்று கேட்கவில்லை என்றால் அரைகுறை அடைப்பா என்று பாருங்கள். சரியாகப் பேசத் தெரியாத குழந்தை ‘கேட்கலை’ என்று வந்து சொல்லாது.

விசில் அடித்தால், சத்தம் வராவிட்டால்

விசிலுக்கு முதல் காரணம் மோல்டு சரியாக உட்காராதது. கழற்றி மாட்டிப் பாருங்கள். இரண்டாவது, காதுக்குள் சேர்ந்த குறும்பி, அதை ஈ.என்.டி. டாக்டர் எடுக்கட்டும், பட்ஸ் விட்டால் இன்னும் உள்ளே தள்ளும். மூன்றாவது டியூப் விரிசல். வளரும் குழந்தைகளுக்கு மோல்டே சிறியதாகிப் போயிருக்கும், புதிதாக அச்செடுக்க வேண்டும்.

சத்தம் வராவிட்டால் இந்த வரிசையில் பாருங்கள்: புதுப் பேட்டரி, மூடி முழுதாக மூடியிருக்கிறதா, வால்யூம், பிறகு அடைப்பு. பி.டி.இ.யில் டியூப்பைக் கழற்றிவிட்டு மெஷினை மட்டும் உள்ளங்கையில் பொத்துங்கள். கூவென்று கத்தினால் மெஷின் நன்றாக இருக்கிறது, அடைப்பு மோல்டிலோ டியூப்பிலோதான். விசிலை அடக்கும் வசதியுள்ள புது மாடல்கள் கத்தாமலும் இருக்கலாம். பேட்டரி வைக்கும் இடத்தில் பச்சையோ வெள்ளையோ பூத்திருந்தால் காய்ந்த பிரஷால் தட்டுங்கள். போகாவிட்டால் சுரண்டாமல் சர்வீசுக்குக் கொடுங்கள். கொண்டுபோகும்போது மோல்டு, டியூப், போட்டிருந்த பேட்டரி எல்லாம் சேர்த்தே கொண்டுபோங்கள். மெஷினை மட்டும் தனியாகக் கொடுத்தால் ‘நல்லாத்தான் இருக்கு’ என்று திரும்பி வரும், வீட்டில் மாட்டினால் மறுபடி கேட்காது.